ரத்தப் பரிசோதனை போதாதா, டாக்டர்?

வாசகர் கடிதம்:

"எனக்கு வயது 36. ஒரு குழந்தை இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். போன மாதம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெச்பிவி வைரஸுக்கான பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. 16, 18 வகைகள் இல்லை, 'மற்ற அதிக ஆபத்து வகை' என்று எழுதியிருந்தார்கள். அதே சாம்பிளில் பி16, கேஐ-67 என்று இரட்டைச் சாயப் பரிசோதனை செய்தார்கள், அதுவும் பாசிட்டிவ். உடனே கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடம் முன்பு கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்த்த பேப் ஸ்மியர் நார்மல்தான். எனக்கு உள்பரிசோதனை என்றாலே நடுக்கம். ஒருமுறை மிகவும் வலித்தது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அதனால் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம் என்று நானாகவே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். எஸ்சிசி ஆன்டிஜென் 2.3 வந்திருக்கிறது, 1.5-க்குள் இருக்க வேண்டுமாம். ரத்தத்தில் வந்துவிட்டது என்றால் பரவிவிட்டது என்றுதானே அர்த்தம்? அக்கா கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறாள். கணவர் மேல் சந்தேகமும் கோபமுமாக வருகிறது. மற்றபடி உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, பத்து வருடமாக சொரியாசிஸ் மட்டும் உண்டு. இந்தப் புரதப் பரிசோதனைகள் எதைத்தான் சொல்கின்றன? ரத்தத்தை வைத்தே முடித்துக்கொள்ள வழியே இல்லையா டாக்டர்?"

பதில்:

சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொரியாசிஸ் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நின்றது அந்த வரியில்தான். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 2.3-க்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு, அவர்களிடமிருந்து எடுத்த செல்களையும் சிறு திசுத் துணுக்குகளையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. உங்கள் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றோ இருக்கிறது என்றோ இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் எந்தக் கேள்விக்கான பதில் என்பதைச் சொல்ல முடியும். அது புரிந்தாலே பயத்தில் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

எஸ்சிசி ஆன்டிஜென். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா ஆன்டிஜென் என்று விரித்துப் படித்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். 1977-ல் கடோ, டோரிகோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள், அதனால் புற்றுநோயின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் தெரிந்தது, இது செர்பின் பி3, செர்பின் பி4 என்ற, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டு புரதங்கள் என்பதும், நம் தோலிலும் வாயின் உள்பக்கத்திலும் உணவுக்குழாயிலும் இருக்கும் சாதாரணத் தட்டைச் செல்களே (ஸ்குவாமஸ் செல்கள்) இவற்றைத் தயாரிக்கின்றன என்பதும். எல்லோருடைய ரத்தத்திலும் இது கொஞ்சம் இருக்கும். எல்லை அளவைப் பூஜ்யம் என்று வைக்காமல் 1.5 என்று வைத்திருப்பதற்கே காரணம் அதுதான். தோல் செல்கள் வேகவேகமாகப் பெருகும் சொரியாசிஸில் இந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகும், ரத்தத்திலும் ஏறும். எக்சிமாவில் ஏறும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ஏறும். ரத்தம் எடுக்கும்போதோ சோதிக்கும்போதோ வியர்வையோ எச்சிலோ துளி கலந்தால்கூட எண் கூடிவிடும். பத்து வருட சொரியாசிஸ் இருக்கிற ஒருவருக்கு 2.3 வந்ததைப் பார்த்து நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்குத்தான் இருக்கிறது? புற்றுநோய் என்று பயாப்ஸியில், அதாவது சிறு திசுத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில், ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. அதுவும் தட்டைச் செல் வகையாக இருந்தால், சிகிச்சைக்கு முன் ஒரு அளவு எடுத்து வைத்துக்கொண்டு, சிகிச்சை முடிந்த பிறகு அது இறங்குகிறதா, இறங்கியது திரும்ப ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். முன்நிலை மாற்றங்களை, அதாவது புற்றுநோய் ஆவதற்கு முன்பே செல்கள் கெட்டுப்போவதை, கண்டுபிடிக்க அதனால் ஆகாது. முன்நிலை மாற்றம் நிஜமாகவே இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு எஸ்சிசி நார்மலாகத்தான் வரும். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். உங்களுக்கு 2.3 வந்து பயந்தீர்கள், சரி, பயந்ததால் எனக்கு எழுதினீர்கள். 0.8 என்று வந்திருந்தால்? கால்போஸ்கோபிக்கே போகாமல் நிம்மதியாக இருந்துவிட்டிருப்பீர்கள் அல்லவா?

ரத்தத்தில் ஏன் தெரியாது என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் தட்டைச் செல் படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அந்தப் படலத்துக்குள் ரத்தக் குழாய் கிடையாது. படலத்துக்கு அடியில் அடித்தள சவ்வு என்று ஒரு மெல்லிய வேலி, அதற்குக் கீழேதான் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. ஹெச்பிவி வைரஸ் நுழைவதும் பெருகுவதும் உதிர்வதும் எல்லாம் வேலிக்கு மேலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை, நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கே அது வந்த செய்தி தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் போய்ச் சேர்கிறது. முன்நிலை மாற்றம் என்று நாங்கள் சொல்வது, அந்த வேலி உடையாமல் இருக்கும்போதே மேலே இருக்கும் செல்கள் கெட்டுப்போவதைத்தான். சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு திட்டு, ரத்தக் குழாயோடு தொடர்பே இல்லாத இடத்தில். அது தயாரிக்கும் புரதம் கையிலிருந்து எடுக்கும் 5 மில்லி ரத்தத்தில் அளக்கும்படி எப்படி வந்து சேரும்? வேலி உடைந்தால் அது புற்றுநோய். அதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்பதுதானே நம் நோக்கம். ஆகவே அந்த இடத்துச் செல்லைத்தான் பார்த்தாக வேண்டும்.

இப்போது அந்த இடத்துச் செல்லைப் பார்த்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். பி16, கேஐ-67. இந்த இரட்டைச் சாயத்தின் பின்னால் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் செல்லுக்குள் ஆர்பி என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது. பிரிந்து பெருகு என்று உத்தரவு கொடுக்கும் புரதத்தை அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். பி16 என்பது ஒரு பிரேக், 1993-ல் அடையாளம் காணப்பட்ட புரதம். ஆர்பியைத் தளரவிடாமல் பார்த்துக்கொண்டு செல் பிரிவதை நிறுத்துவது அதன் வேலை. சாதாரண செல்லில் பி16 மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதிக ஆபத்து வகை ஹெச்பிவி ஒரு செல்லில் வேரூன்றி, தன் இ7 என்ற புரதத்தை அளவில்லாமல் தயாரிக்க ஆரம்பிக்கும்போது, இ7 நேராகப் போய் ஆர்பியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பெருகு என்ற உத்தரவு அவிழ்ந்துகொண்டு ஓடுகிறது. செல் பதறிப்போய் பி16-ஐ மேலும் மேலும் தயாரிக்கிறது. ஆனால் பி16 இயங்குவதே ஆர்பி மூலமாகத்தான், ஆர்பி இப்போது இல்லை. பிரேக் ஒயர் அறுந்தது தெரியாமல் ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருக்கிற வண்டி மாதிரி. வைரஸின் இன்னொரு புரதமான இ6, பி53 என்ற இன்னொரு காவலரைச் சிதைத்துவிடுகிறது, அதனால் கெட்டுப்போன செல் தானாகச் செத்துப்போகும் வழியும் அடைபடுகிறது.

கேஐ-67 வேறு கதை. செல் பிரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் அதன் உட்கருவில் தெரிகிற புரதம் அது. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்தார்கள், கீல் என்ற பெயரிலிருந்து இரண்டு எழுத்து, சோதனைத் தட்டில் அந்த ஆன்டிபாடி இருந்த குழியின் எண் 67, அவ்வளவுதான் அந்தப் பெயர். ஓடுகிற சக்கரத்துக்கு அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் மட்டும் மிதிபட்டிருந்தால் பயமில்லை, முதிர்ந்து ஓய்ந்த செல்லிலும் பி16 தெரியும். சக்கரம் மட்டும் ஓடினாலும் பயமில்லை, புண் ஆறும் இடத்தில் நல்ல செல்களும்கூடப் பிரிந்துகொண்டுதான் இருக்கும். ஒரே செல்லில், ஒரே நேரத்தில், பிரேக்கும் மிதிபட்டிருக்கிறது சக்கரமும் ஓடுகிறது என்றால் அது ஆரோக்கியமான செல்லில் நடக்காது. அந்த செல்லின் கட்டுப்பாடு போய்விட்டது என்று அர்த்தம். ஸ்லைடில் பி16 பழுப்பாகவும் கேஐ-67 உட்கருவில் சிவப்பாகவும் தெரியும்படி சாயமிடுவார்கள். இரண்டும் சேர்ந்த ஒரே ஒரு செல் கிடைத்தாலும் பாசிட்டிவ் என்று எழுதுவோம். செல்லின் வடிவம் எப்படி இருக்கிறது, உட்கரு எவ்வளவு பெரிது என்றெல்லாம் யோசித்து ஒருவர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் சொல்கிற தொல்லை இதில் மிகவும் குறைவு. ஹெச்பிவி பாசிட்டிவ் ஆனவர்களில் யாரைக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவது என்று பிரித்துப் பார்க்க இதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் அனுமதித்தது.

ஆக, உங்கள் மூன்று ரிப்போர்ட்டில் முதலாவது, வைரஸ் இருக்கிறதா என்ற கேள்விக்கு இருக்கிறது என்று சொல்லியது. வைரஸ் இருப்பது நோய் ஆகாது, பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அது தானாகப் போய்விடும். இரண்டாவது, அந்த வைரஸ் சும்மா தங்கியிருக்கிறதா, செல்லின் கட்டுப்பாட்டில் கைவைத்துவிட்டதா என்ற கேள்விக்கு, சில செல்களிலாவது கைவைத்திருக்கிறது என்று சொல்கிறது. இவை இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள். மூன்றாவது, அந்த எஸ்சிசி, இந்தக் கதையிலேயே இல்லை.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? இல்லை. இரட்டைச் சாயம் பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு பயாப்ஸியில் கடுமையான முன்நிலை மாற்றம்கூட இருப்பதில்லை, புற்றுநோய் அதைவிட மிக மிகக் குறைவு. கால்போஸ்கோபிக்கு அனுப்பும் வாசலை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதலில், 100 பேரில் 4 பேருக்காவது சிஐஎன் 3 (கடுமையான முன்நிலை மாற்றம்) அல்லது அதற்கு மேல் இப்போதே இருக்கக்கூடும் என்ற நிலை வந்தாலே கால்போஸ்கோபி என்று வைத்திருக்கிறார்கள். மீதி 96 பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், அந்த 4 பேரைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. உங்களைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

மூன்று வருடம் முன்பு பேப் நார்மல் என்றார்களே என்று கேட்பீர்கள். பேப் ஸ்மியர் பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய பரிசோதனை, நான் தொழில் கற்றதே அதில்தான். ஆனால் ஒரு தடவை எடுக்கும் ஒற்றை ஸ்மியர், இருக்கிற முன்நிலை மாற்றங்களில் கணிசமான பங்கைத் தவறவிடும் என்பது நாங்கள் எல்லோரும் அறிந்த உண்மை. திரும்பத் திரும்ப எடுத்ததால்தான் அது பலன் தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முதல் பரிசோதனையாக முன்வைத்ததற்கும், 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று சொன்னதற்கும் இதுவே காரணம். அப்புறம், அந்த மூன்று வருடத்தில் புதிதாகவும் இது வந்திருக்கலாம்.

இப்போது கால்போஸ்கோபி. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது, வலிக்கிறது என்று சொல்லியும் நிறுத்தவில்லை என்ற வரி. அது நடந்திருக்கவே கூடாது. அந்தப் பயத்தினால்தான் கையை நீட்டி ரத்தம் கொடுத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, அதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த முறை உள்ளே போகும் முன்பே மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: முன்பு இப்படி நடந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்து என்று சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். சிறிய அளவு ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் கருவி) கேளுங்கள், பெண் மருத்துவர் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி எடுப்பதாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட முடியுமா என்றும் கேட்கலாம். இதெல்லாம் சலுகை கேட்பது இல்லை, உங்கள் உரிமை.

அங்கே நடப்பது இவ்வளவுதான்: கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், பஞ்சில் தொட்டு வைப்பார்கள். கெட்டுப்போன செல்களில் உட்கரு பெரிது, அதில் புரதமும் நெருக்கமாக இருக்கும், அமிலம் பட்டதும் அந்தப் புரதம் கொஞ்ச நேரத்துக்குத் திரண்டு அந்தத் திட்டு வெள்ளையாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு புரதப் பரிசோதனைதான். பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவி வெளியே நின்றபடியே அதைப் பெரிதாக்கிக் காட்டும், அது உள்ளே போகாது, உள்ளே வைப்பது ஸ்பெகுலம்தான். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கிருந்து அரிசி அளவு துணுக்கு ஒன்றிரண்டு எடுப்பார்கள்.

அந்தத் துணுக்கு என்னைப் போன்ற ஒருவர் மேசைக்கு வரும். சிஐஎன் 1, 2, 3 என்று தரம் பிரிப்போம். சிஐஎன் 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கவனித்துக்கொண்டிருந்தால் போதும். சிஐஎன் 3 நிஜமான முன்நிலை. நியூசிலாந்தில் ஒரு காலத்தில் சரியான சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட பெண்களைப் பிற்பாடு கணக்கெடுத்தபோது, 30 வருடத்தில் அவர்களில் ஏறத்தாழ 100-க்கு 30 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அந்தப் பெண்களுக்கு இழைக்கப்பட்டது பெரிய அநியாயம், அதை நினைக்காமல் என்னால் அந்த எண்ணைச் சொல்ல முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிஐஎன் 2-தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடக்கும் இடம். ஒரே ஸ்லைடை வைத்துக்கொண்டு நானும் என் சக மருத்துவர்களும் ஆளுக்கொரு தரம் சொன்ன நாள்கள் நிறைய உண்டு. அங்கே மறுபடியும் பி16 உதவிக்கு வருகிறது. இந்த முறை திசுத் துணுக்கில். படலத்தின் அடிவரிசையிலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு, இடைவெளி இல்லாமல், அழுத்தமாகச் சாயம் பிடித்திருந்தால் அது கடுமையான வகை என்று எடுத்துக்கொள்வோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்திருந்தால் நெகட்டிவ் என்று விட்டுவிடுவோம். 2012-லிருந்து அமெரிக்கப் பேத்தாலஜி அமைப்புகளின் பரிந்துரையே இது. ஆகவே உங்கள் பயாப்ஸியில் சிஐஎன் 2 என்று வந்தால், பி16 செய்தீர்களா, எப்படிப் பிடித்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் இன்னொரு குழந்தை வேண்டும் என்று எழுதியிருப்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு இன்னும் முக்கியம். சிஐஎன் 2 உள்ள பெண்களைச் சிகிச்சை தராமல் கவனமாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, இரண்டு வருடத்தில் சுமார் பாதிப் பேருக்கு அது தானே மறைந்திருந்தது, 100-க்கு 18 பேர் அளவில்தான் மேலே போயிருந்தது. எனவே கர்ப்பம் எதிர்பார்க்கிற பெண்ணுக்கு சிஐஎன் 2 என்றால், 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுவேன் என்ற உறுதியோடு காத்திருப்பதும் ஒரு நல்ல வழி. சிஐஎன் 3 என்றால் காத்திருக்க வேண்டாம். மின்சாரத்தால் சூடேறும் கம்பி வளையத்தால் அந்தத் திட்டை மட்டும் வழித்தெடுக்கும் லீப் என்ற சிகிச்சை போதும். ஆழமாக வெட்டினால் பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடும், அதனால் குழந்தை ஆசையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேவையான ஆழத்துக்கு மேல் அவர் போக மாட்டார். கர்ப்பப்பையை எடுப்பது என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் எங்குமே வராது. அக்கா உங்கள் மேல் இருக்கும் அன்பில் சொல்கிறார், ஆனால் பயாப்ஸிகூட எடுக்காமல் ஒரு உறுப்பை எடுக்க யாரும் சம்மதிக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகு 6 மாதத்தில் தொடங்கி ஹெச்பிவி பரிசோதனை பல வருடங்கள் தொடர வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேறு புரதங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. டிஎன்ஏ இரட்டிப்பாகும்போது தெரியும் எம்சிஎம்2, டோபோஐசோமரேஸ் 2ஏ இரண்டையும் சேர்த்த சாயம் ஒன்று உண்டு. வைரஸின் இ6 புரதத்தையே நேரடியாகப் பிடிக்கும், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியான ஒரு சோதனையும் வந்தது. அதில் கோடு தெரிந்தால் நம்பலாம், ஆனால் கோடு தெரியாததால் ஒன்றுமில்லை என்று நம்ப முடியாது, நிறையத் தவறவிடும். செல்லின் கெட்ட பக்கத்தைத் தேடாமல் வைரஸின் வெளிக்கூட்டுப் புரதமான எல்1 எங்கே மறைகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு, ஏனென்றால் மாற்றம் கடுமையாக ஆக, வைரஸ் தன் கூட்டைக் கட்டுவதை நிறுத்திவிடும்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பிறப்புறுப்புத் திரவத்திலும் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து, புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் புதிய புரதம் கிடைத்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வரும். நான் அந்த ஆய்வுகளை ஆர்வத்தோடுதான் படிக்கிறேன், அந்தத் திரவத்தைப் பெண்ணே எடுத்துத் தர முடியும் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் நிஜமான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் படிக்கும்போது முதலில் பார்ப்பது யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதை. முற்றிய புற்றுநோய் உள்ளவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தப் புரதமும் வித்தியாசம் காட்டும். சிஐஎன் 3 உள்ளவரையும், வெறும் ஹெச்பிவி தொற்று உள்ளவரையும், சாதாரண வெள்ளைப்படுதலும் அழற்சியும் உள்ளவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்பதில்தான் பல புரதங்கள் தோற்றுப்போகின்றன.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒரு உதாரணத்துக்கு. 10,000 பெண்களில் 100 பேருக்குக் கடுமையான முன்நிலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கும், 95 சதவீதம் சரியாக விலக்கும் ஒரு அருமையான ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 95 பேரைப் பிடித்துவிடும், நல்லது. மீதி 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ் என்று வரும். மொத்தம் 590 பாசிட்டிவில் நிஜம் 95தான். அந்த 590 பேரையும் கடைசியில் எங்கே அனுப்புவோம்? கால்போஸ்கோபிக்குத்தான். அதனால்தான் ஒரே பரிசோதனையில் முடிக்காமல், முதலில் ஹெச்பிவி, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் புரதச் சாயம், அதிலும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் கால்போஸ்கோபி என்று சல்லடை மேல் சல்லடையாக வைத்திருக்கிறோம். நீங்கள் இரண்டு சல்லடை தாண்டி வந்துவிட்டீர்கள்.

உள்பரிசோதனையைக் குறைக்க இன்றைக்கே இருக்கும் வழி ஒன்று உண்டு. ஹெச்பிவி பரிசோதனைக்கான சாம்பிளைப் பெண்ணே சிறிய குச்சிப்பஞ்சால் எடுத்துக்கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்கிறது. இனிமேல் வரும் வழக்கமான பரிசோதனைகளுக்கு அதைக் கேளுங்கள். ஆனால் இரட்டைச் சாயத்துக்கு கர்ப்பப்பை வாயின் குறிப்பிட்ட வளையத்திலிருந்து செல்கள் வேண்டும், அதை மருத்துவர் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

கணவர் விஷயம். ஹெச்பிவி எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல வருடம் சத்தமில்லாமல் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும் வைரஸ் இது. இந்த ரிப்போர்ட்டை வைத்து அவர் மேல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். முடிந்தால் இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள், கால்போஸ்கோபி அன்று வெளியே காத்திருக்க அவரே வரட்டும்.

உங்களுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை என்றீர்கள். நாளைக்கே உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய்க்கு இடையில் ரத்தப்போக்கு வந்தாலோ, நாற்றத்தோடு நீர்போல் போனாலோ கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஹெச்பிவி நெகட்டிவ் என்ற ரிப்போர்ட் கையில் இருந்தாலும் சரி, இந்த அறிகுறிகள் இருந்தால் நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும். ஹெச்பிவி இல்லாமல் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைவு, ஆனால் இருக்கிறது, அதில் சில வகைகளில் பி16-கூடப் பிடிக்காது.

எஸ்சிசியைத் திரும்ப எடுக்க வேண்டாம். சொரியாசிஸ் கூடும்போது எண்ணும் கூடும், குறையும்போது குறையும், நீங்கள்தான் அதன் பின்னால் ஓடிக் களைத்துப்போவீர்கள். மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டையும் காட்டி சொரியாசிஸ் இருப்பதையும், அதற்கு எடுக்கும் மருந்துகளையும் சொல்லிவிடுங்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் அது அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், ஏனென்றால் ஹெச்பிவியை உடம்பு விரட்டுவது அந்த எதிர்ப்புச் சக்தியை வைத்துத்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மாதவிடாய் ரத்தம் அதிகம் போகாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிவிட வேண்டாம்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். சிஐஎன் எத்தனை, பி16 எப்படி என்று புரியாத வார்த்தை எதுவாக இருந்தாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள், வரி வரியாக உட்கார்ந்து படிக்கலாம்.